யூராக்பம்பாவின் கறுப்பு முடிச்சு

செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் எங்க யூராக்பம்பாவுல தலைவலி இல்லாத மனுஷனைப் பார்க்கிறது கஷ்டம். மத்த நாள்ல எல்லாரும் நல்லாத்தான் இருப்பாங்க. உருளைக்கிழங்கு தோண்டுவாங்க, கல்யாணத்துல விடிய விடிய ஆடுவாங்க, வாய்க்கால் தண்ணிக்குப் பக்கத்து வீட்டுக்காரனோட மல்லுக்கட்டுவாங்க. செவ்வாய் பொழுது விடிஞ்சா போதும், தலையைப் பிடிச்சுக்கிட்டு நாட்டு வைத்தியம் பண்ற சோசிமோ வீட்டு வாசல்ல வரிசை கட்டிடுவாங்க. ஏன்னா, நோயைத் துடைச்சு எடுக்கிறது செவ்வாய், வெள்ளியில மட்டும்தான் பலிக்குமாம். நோய்க்கும் வாரத்துல அஞ்சு நாள் லீவு போல.

நான் நிகனோரா. அந்த வாசலுக்கு எதிர்ல தள்ளுவண்டி போட்டு, வாற்கோதுமையும் மூலிகையும் கொதிக்க வெச்சு, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு விக்கிறவ. எங்க மலைக்குளிருக்கு அது இல்லாம யாருக்கும் காலையில வாய் திறக்காது. சோசிமோ வர்றதுக்கு முன்னாடி ஒரு பானை வித்தா பெரிசு. அவர் வந்த பிறகு நாலு பானை. அதனால நான் என்னமோ பெரிய உத்தமின்னு நினைச்சுக்கிட்டு இந்தக் கதையைக் கேட்காதீங்க. அந்த ஆளு புண்ணியத்துல ஆறு மாசம் நல்லாச் சம்பாதிச்சேன்.

அவர் வீட்டுச் சுவர்ல நீலப் பெயின்ட்டுல எழுதியிருந்தது: "எக்ஸ்ரே பொய் சொல்லும். குய் பொய் சொல்லாது." குய்னா கினிப்பன்றி. எங்க எல்லார் வீட்டு அடுப்படியிலயும் கீச்சு கீச்சுன்னு ஓடிக்கிட்டு இருக்கும். விசேஷம்னா வறுத்துத் தின்போம். உடம்புக்கு முடியலைன்னா, அதையே எடுத்து நோயாளி மேல உச்சந்தலையிலேர்ந்து உள்ளங்கால் வரைக்கும் தடவி, அப்புறம் அதை அறுத்துப் பார்ப்போம். நோயாளிக்கு எங்க கோளாறோ, குய்க்கும் அங்க கோளாறு தெரியும்னு ஒரு நம்பிக்கை. எங்க பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம். யாரும் அதுக்காகப் பஸ் ஏறிப் போனது கிடையாது.

சோசிமோ அதை ஒரு தொழிற்சாலையாவே ஆக்கிட்டார். அதுக்கு முன்னாடி அவர் பஸ் ஸ்டாண்டுல செல்போன் உறை வித்துக்கிட்டு இருந்தார். ஒரு நாள் மின்னல் அடிச்சதாம், எழுந்தப்ப கையில வரம் இருந்துதாம். மின்னல் அடிச்சதை யாரும் பார்க்கலை. எங்க ஊர் ரேடியோ மட்டும் தினம் காலையில ஏழு மணிக்கும், சாயங்காலம் ஆட்டுவிலை நிலவரத்துக்குப் பிறகும் அதைச் சொல்லிக்கிட்டே இருந்துது.

அவர் தலைக்குத்தான் ஸ்பெஷலிஸ்ட். நீங்க முழங்கால் வலின்னு போனாலும் சுத்திச் சுத்தித் தலைக்கு வந்துடுவார். வீட்டுலேர்ந்து குய் கொண்டு போனா தொடமாட்டார். "அடுப்புப் புகை குடிச்ச பிராணி, கண்ணாடி மேல அழுக்குப் பட்ட மாதிரி. ஒண்ணும் தெரியாது" அப்படிம்பார். அவர் கூண்டுல வளர்ந்த கறுப்பு குய்தான் ஆகும். அதை ஆளு மேல அழுத்தித் தடவுவார். மூணாவது தடவல்ல அது செத்துப்போகும். அத்தனை பலமா அழுத்தினா நானும்தான் செத்துப்போவேன். அப்புறம் வாசல் கதவைத் திறந்து வெச்சு, வரிசையில நிக்கிற எல்லாரும் பார்க்க, ஒரு சின்னக் கத்தியால மண்டையைப் பிளப்பார். விரலை உள்ள விட்டு ஒரு கறுப்பு முடிச்சை எடுத்துத் தட்டுல வைப்பார். பட்டாணி அளவு இருக்கும், ரத்தத்துல நனைஞ்சு பளபளன்னு.

"பார்த்துக்க. உன் தலைக்குள்ள இருக்கிறது இதுதான்."

கூட்டம் மொத்தமும் சிலுவை போட்டுக்கும்.

முடிச்சு இல்லாத ஆளே கிடையாது. பல்வலின்னு வந்தவனுக்கு முடிச்சு. முந்தின நாள் குடிச்சது இறங்காம வந்தவனுக்கு முடிச்சு. புருஷனுக்குத் துணையா வந்து சும்மா உட்கார்ந்திருந்தவளுக்கும் ஒரு முடிச்சு. ஏழு தடவை துடைச்சா கரையுமாம். துடைச்சதும் கம்பளியால முக்காடு போட்டு மூடணும், காத்து பட்டா அன்னைக்கே கதை முடிஞ்சுடுமாம். ஆஸ்பத்திரிப் பக்கம் மட்டும் தலை வெச்சுப் படுக்கக் கூடாது. "கத்தி பட்டா முடிச்சு வெடிக்கும், டாக்டர் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுவான், நீ பெட்டிக்குள்ள போயிடுவே" அப்படின்னு நிதானமாச் சொல்லுவார். அந்த நிதானம் இருக்கு பாருங்க, அதைக் கேட்டாலே பாதிப் பேருக்குத் தலை வலிக்க ஆரம்பிச்சுடும்.

இதுல வந்து மாட்டினவதான் பிளாசிதா.

பிளாசிதா திருவிழா ஆட்டக்காரங்களுக்குச் சட்டை தைக்கிறவ. கறுப்பு வெல்வெட்டுல கடுகு கடுகா ஜிகினா வெச்சு சூரியன், மயில், பாம்புன்னு போடுவா. அவ தைச்ச சட்டையைப் போட்டுக்கிட்டு ஆடினா, ஆடத் தெரியாதவனும் நல்லா ஆடுற மாதிரி இருக்கும். புருஷன் சுரங்கத்துல வேலை, மாசத்துக்கு ஒரு தடவைதான் வருவான். நாலு மாசமா அவளுக்கு ஓயாத தலைவலி. முதல்ல மாத்திரை போட்டா. அப்புறம் இன்னும் கொஞ்சம் மாத்திரை போட்டா. அதுக்கப்புறம் மக செல்போனை வாங்கி 'தலைவலி'ன்னு அடிச்சுப் பார்த்தா. அதுதான் பெரிய தப்பு. மூணாவது வரியிலேயே அது அவளைக் கொன்னு போட்டுடுச்சு.

ஒரு நாள் வண்டிக்கிட்ட வந்து, "நிகனோரா அக்கா, என் தலை பெரிசாகுதா பாருங்க" அப்படின்னா.

"தொப்பி போடுறியே, அது நுழையுது இல்ல?"

"நுழையுது. ஆனாலும் தினம் காலையில டேப் வெச்சு அளக்கிறேன். வியாழக்கிழமை ஒரு நூல் கூடியிருந்துது."

"வியாழக்கிழமை ரெட்டைச் சடை போட்டிருந்தே, தாயே."

சிரிக்கலை அவ. அவ பயம் அப்படி. ராத்திரி படுத்தா, காலையில எழுந்திருப்பமான்னு நினைச்சு மகளைக் கூப்பிட்டுப் பக்கத்துல படுக்க வெச்சுப்பாளாம். நான் கேலி பண்ணினதுக்கு என் வாயிலேயே ஒண்ணு போட்டுக்கலாம் போல இருந்துது.

அதுக்கு முன்னாடியே அவ மாகாண ஆஸ்பத்திரியில சீட்டு வாங்கியிருந்தா. தலையைப் படம் எடுத்துப் பார்க்க ரெண்டரை மாசம் கழிச்சு ஒரு புதன்கிழமை, காலை எட்டு மணின்னு. அது தவறினா மறுபடி எப்பக் கிடைக்குமோ கடவுளுக்கே தெரியாது. அந்த ரெண்டரை மாசம் காத்திருக்க மனசு தாங்காம சோசிமோகிட்ட போனா. முடிச்சு வந்துது. மத்தவங்களுக்குப் பட்டாணி, இவளுக்கு மொச்சைக்கொட்டை.

அதோட ஆஸ்பத்திரிக்குப் போறதில்லைன்னு முடிவு பண்ணிட்டா. ஊசி, நூல், ஜிகினா டப்பா எல்லாத்தையும் பேர் எழுதிப் பிரிச்சு வைக்க ஆரம்பிச்சா. எனக்குன்னு ஒரு சிவப்புச் சால்வை கொண்டுவந்து குடுத்தா. "குளிர்ல நிக்கிறீங்க அக்கா, வெச்சுக்கோங்க." உயிரோட நல்லா நிக்கிறவ கையால சாவுச் சொத்து வாங்குற நிலைமை யாருக்கும் வரக் கூடாது. வாங்கிக்கிட்டு, அவ போனதும் வண்டிக்குப் பின்னாடி போய் அழுதேன். சோசிமோ மேல கோபம் வந்துது. நாலு பானை வித்த என் மேலயும் வந்துது.

இங்கதான் எவுதோசியா வர்றா. பிளாசிதாவோட நாத்தனார். குய் வளர்க்கிறதுதான் அவ தொழில். இருநூறு உருப்படி இருக்கும். ஏழு வயசுலேர்ந்து அறுக்கிறவ. வாய் கொஞ்சம் நீளம். சாமியார்கிட்டயே சில்லறை சரியா இருக்கான்னு கேட்பா.

திங்கக்கிழமை வண்டிக்கிட்ட வந்து நின்னா. "நிகனோரா அக்கா, நேத்து சோசிமோவோட மச்சினி கடையில வறுத்த குய் தின்னேன்."

"எப்படி இருந்துது?"

"தலை இல்ல."

என் கையில இருந்த கரண்டி அப்படியே நின்னுடுச்சு. எங்க ஊர்ல குய் தட்டுல வந்தா தலையோடதான் வரும். கன்னத்துச் சதைக்குத்தான் அண்ணன் தம்பிக்குள்ள அடிதடியே நடக்கும். தலை இல்லாம வந்தா, பூனையை அறுத்து ஏமாத்துறான்னு அர்த்தம்.

"பூனையா?"

"கால் விரலை எண்ணிப் பார்த்தேன். முன்னால நாலு, பின்னால மூணு. அசல் குய்தான். கறுப்புத் தோல் கூட ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருந்துது. பூனை இல்லைன்னா தலை எங்கே?"

நான் எதிர்வீட்டைப் பார்த்தேன். அவளும் பார்த்தா. நோய் ஏறின குய்யை மலையடிவாரத்துல ஆழக் குழி தோண்டிப் புதைக்கிறதாத்தான் சோசிமோ சொல்லுவார். ஆறு மாசமா ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை, ஊரே அந்தக் கடையில மலிவா இருக்குன்னு மொய்ச்சது. ஊரார் தலைவலி பூரா ஊரார் வயித்துக்குள்ளதான் போயிருக்கு. நான் கூட ரெண்டு தடவை எலும்பைச் சப்பியிருக்கேன்.

"அண்ணிகிட்ட சொன்னேன்" அப்படின்னா எவுதோசியா. "கேக்க மாட்டேங்கிறா. 'கறியை என்னமோ பண்ணிக்கட்டும், என் முடிச்சை என் கண்ணால பார்த்தேன்'ங்கிறா. அக்கா, நான் ஆயிரக்கணக்குல குய் மண்டையை உடைச்சுத் தின்னவ. ஒண்ணுல கூட அப்படி ஒரு முடிச்சைப் பார்த்ததில்ல. அந்த ஆளுக்கு மட்டும் ஒண்ணு விடாமக் கிடைக்குது. நாளன்னைக்குப் புதன்கிழமை, அவ ஆஸ்பத்திரித் தேதி. நாளைக்கே அவ கண்ணைத் திறக்கணும். உங்க கம்பளியும் தொப்பியும் குடுங்க."

"எதுக்கு?"

"என் பெரியம்மாவுக்கு."

"உனக்கு ஏதுடி பெரியம்மா?"

"நாளைக்குக் காலையில பொறந்துடுவாங்க."

உண்மையைச் சொல்லிடறேன். ஒரு நிமிஷம் என் நாலு பானை கண்ணு முன்னால வந்து போச்சு. அப்புறம் தோள் மேல கிடந்த சிவப்புச் சால்வை ஞாபகம் வந்துது. கம்பளியைக் குடுத்துட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில எவுதோசியா ஒரு கைவண்டியில பெரியம்மாவை உட்கார வெச்சுத் தள்ளிக்கிட்டு வந்தா. உச்சி முதல் கால் வரை கம்பளி, மேல என் தொப்பி. நல்ல பருமனான பெரியம்மா. நானும் ஒரு பக்கம் பிடிச்சுக்கிட்டேன். வரிசையில நின்னவங்க பாவப்பட்டு வழி விட்டாங்க. ஒரு தாத்தா தொப்பியைக் கழட்டி மரியாதை கூடச் செஞ்சார். உள்ளே பிளாசிதா மூணாவது தடவை துடைக்க முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தா.

"யாரு இது?" சோசிமோ கேட்டார்.

"எங்க பெரியம்மா, ஆசானே. ரொம்ப முடியல. மேல் மலையிலேர்ந்து கொண்டு வந்தோம்."

"முகத்தைக் காட்டு."

"ஐயோ, காத்து பட்டா கதை முடிஞ்சுடும்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

சட்டம் போட்டவரே சட்டத்தை மீற முடியுமா? கூட்டம் பார்த்துக்கிட்டு இருந்துது. அவர் தொண்டையைச் செருமினார்.

"சரி, சரி. பேசுவாங்களா?"

"ஒரு வார்த்தை இல்ல."

"தூக்கம்?"

"வெச்ச இடத்துல கிடப்பாங்க."

"முடிச்சு முத்திப்போச்சு" அப்படின்னு தலையாட்டினார். "பேச்சை அதுதான் கட்டியிருக்கு."

கறுப்பு குய்யை எடுத்துத் தடவ ஆரம்பிச்சார். ஆனா அன்னைக்கு அந்தக் குய் ஒழுங்கா இல்ல. தோள்பட்டை கிட்ட வந்ததும் கம்பளியை மோந்து பார்த்து, பல்லால பிடிச்சு இழுத்து, உள்ளே நுழையப் பார்த்துது. அந்த அறையில நோயாளியைச் சரியாக் கண்டுபிடிச்சது அது ஒண்ணுதான். பாவம், அதை அழுத்திட்டார். அப்புறம் கத்தி, மண்டை, விரல். கறுப்பு முடிச்சு தட்டுல விழுந்துது.

"வலது கண்ணுக்கு மேல, ரெண்டு விரக்கடை உள்ளே. இன்னும் ஒரு வாரம் போயிருந்தா பெரியம்மா கிடையாது. ஏழு தடவை பத்தாது, பதினாலு தடவை துடைக்கணும்."

எவுதோசியா திரும்பி வாசலைப் பார்த்தா. "எல்லாரும் கேட்டீங்களா? எங்க பெரியம்மாவுக்கு வலது கண்ணுக்கு மேல முடிச்சு."

கேட்டோம், கேட்டோம்னாங்க. அவ தொப்பியை எடுத்தா. கம்பளியை உருவினா.

உருளைக்கிழங்கு மூட்டை. வாய் கட்டாத மூட்டை. பத்து பன்னிரண்டு கிழங்கு உருண்டு வந்து சோசிமோவோட செருப்புக்கிட்ட நின்னுது.

தொப்பியைக் கழட்டி மரியாதை பண்ணின தாத்தா மெதுவா அதை மறுபடி மாட்டிக்கிட்டார். அப்புறம் ஒருத்தி சிரிச்சா. அது தொத்திக்கிட்டு வரிசை பூராப் போச்சு.

சோசிமோவைச் சும்மா சொல்லக் கூடாது. அசரலை. "சிரிக்காதீங்க. மூட்டையைத் தூக்கிட்டு வந்தது யாரு? இவதானே. இவ தலையில இருக்கிற முடிச்சு மூட்டையில இறங்கி, மூட்டையிலேர்ந்து குய்க்கு வந்திருக்கு."

கேளுங்க இந்த அநியாயத்தை, பாதிக் கூட்டம் 'அப்படியும் இருக்கலாம்'னு தலையாட்டுச்சு. மூட்டையைப் பார்த்த பிறகும். எனக்கு வந்த ஆத்திரத்துல கரண்டியோட உள்ளே போயிடலாமான்னு இருந்துது.

பிளாசிதா எழுந்து நின்னா. "எவுதோசியா, நீ மூட்டையைக் கொண்டுவா, மாட்டைக் கொண்டுவா. என் முடிச்சை நான் பார்த்தேன். அது பொய்யா?"

"வா அண்ணி, இதையும் உன் கண்ணாலேயே பாரு."

எவுதோசியா தட்டுலேர்ந்த முடிச்சை எடுத்துக்கிட்டு விறுவிறுன்னு என் வண்டிக்கு வந்தா. கூட்டம் பின்னாடியே வந்துது. ஒரு கண்ணாடி டம்ளர்ல வெறும் வெந்நீர் ஊத்தச் சொன்னா. முடிச்சைப் போட்டா. மேல இருந்த ரத்தம் கழுவிப் போச்சு. அப்புறம் தண்ணி மெதுவா நிறம் மாறி, நல்ல ஊதாவா ஆச்சு. அரை எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பிழிஞ்சா. ஊதா அப்படியே பளிச்சுனு சிவப்பா மாறிடுச்சு.

எங்க ஊர்ல அதுக்கு மேல யாருக்கும் விளக்கம் தேவையில்லை. அது ஊதா மக்காச்சோளம். அதை வேக வெச்சு, எலுமிச்சை பிழிஞ்சு குடிக்காத வீடு எங்க நாட்டுலயே கிடையாது. வரிசையில நின்ன ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "கிராம்பும் அன்னாசித் தோலும் போட்டிருந்தா இன்னும் நல்லா இருக்கும்" அப்படின்னாங்க.

ரெண்டு பேர் போய் சோசிமோவோட இடுப்புப் பையைப் பிரிச்சாங்க. ஊற வெச்சு நசுக்கி, ரத்தத்துல உருட்டின சோளம், ஒரு கைப்பிடி. பட்டாணி அளவுல கொஞ்சம், மொச்சை அளவுல கொஞ்சம். நோயாளி பயப்படுற அளவுக்கு ஏத்த மாதிரி தனித்தனியா மடிச்சு வெச்சிருந்தார். தொழில்ல சுத்தம்.

அவரை என்ன பண்ணலாம்னு ஆளுக்கு ஒண்ணு கத்திக்கிட்டு இருந்தப்ப, பிளாசிதா மட்டும் டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே நின்னா. சிரிக்கலை. கோபப்படலை.

"அப்ப என் தலைக்குள்ள என்னதான் இருக்கு?"

எல்லாரும் எவுதோசியாவைப் பார்த்தாங்க. வாய் நீளமான அவ, அப்ப மட்டும் மெதுவாப் பேசினா.

"எனக்குத் தெரியாது அண்ணி. ஒண்ணுமில்லாம இருக்கலாம், ஏதாவது இருக்கவும் இருக்கலாம். தெரியாததைத் தெரியும்னு சொல்ல நான் என்ன மின்னல் அடிச்சவளா? பார்த்துச் சொல்றவங்க நாளைக்கு எட்டு மணிக்கு உட்கார்ந்திருப்பாங்க. நான் கூட வர்றேன். என்ன சொன்னாலும் ரெண்டு பேருமாக் கேட்டுக்குவோம்."

பிளாசிதா அழுதா. நாலு மாசத்து அழுகை அது. அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "முதல் பஸ் எத்தனை மணிக்கு?" அப்படின்னு கேட்டா.

போனாங்க. தலையைப் படம் எடுத்தாங்க. கட்டி கிடையாது, முடிச்சு கிடையாது. கண்ணு பார்க்கிற இடத்துல ஒரு பெண் டாக்டர் நாலு எழுத்தைக் காட்டிப் படிக்கச் சொல்லியிருக்காங்க. கிட்டத்துல இருக்கிற ஒண்ணும் இவளுக்குத் தெரியலை. நாப்பது தாண்டினவ, தெரியாத கண்ணை வெச்சுக்கிட்டு மங்கல் விளக்குல கடுகு ஜிகினா தைச்சா மண்டை வலிக்காம என்ன செய்யும்? போதாததுக்கு, தினம் தினம் விழுங்கின மாத்திரையே வலியைப் பிடிச்சு வெச்சிருக்கும்னு சொல்லி அதைக் குறைக்க வழி சொல்லியிருக்காங்க. வலி விடலைன்னா மறுபடி வான்னு தேதியும் குடுத்திருக்காங்க. கண்ணாடி போட்டுக்கிட்டு வந்து, அந்த நாலு மாசம் தான் தைச்ச சட்டையை விரிச்சுப் பார்த்தா பிளாசிதா. சூரியனுக்கு ஒன்றரைக் கண்ணு. மயில் வாத்து மாதிரி இருந்துது. "இதைப் போட்டுக்கிட்டா ஆடினாங்க?" அப்படின்னு அவ சிரிச்ச சிரிப்பு தெருக்கோடி வரைக்கும் கேட்டுது. சால்வையைத் திருப்பிக் குடுத்தேன். நல்ல சால்வைதான், ஆனாலும் குடுத்துட்டேன்.

சோசிமோ அன்னைக்கே மூட்டை முடிச்சோட ஊரை விட்டுப் போயிட்டார். ரேடியோவுல ஆட்டுவிலை நிலவரத்துக்குப் பிறகு இப்போ ஷாம்பூ விளம்பரம் போடுறாங்க.

அடுத்த வெள்ளிக்கிழமை, விஷயம் தெரியாம தூரத்து ஊர்லேர்ந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினாங்க. பூட்டின கதவைப் பார்த்தாங்க. நான் ஒண்ணு விடாமச் சொன்னேன். மூட்டை, சோளம், எலுமிச்சம்பழம், எல்லாம். நல்லாக் கேட்டாங்க, வயிறு வலிக்கச் சிரிச்சாங்க. கடைசியில கோட்டுப் போட்ட ஒரு ஐயா என் கிட்ட வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அது சரிம்மா. அந்த ஆளு போலி, ஒத்துக்கிறேன். இவ்வளவு தூரம் வந்துட்டோம். பக்கத்துல அசலா யாராவது இருக்காங்களா?"

"இருக்கு ஐயா, ரொம்பப் பக்கத்துலயே இருக்கு" அப்படின்னேன். "வலிக்குது வலிக்குதுன்னு ஆறு மணி நேரம் வேன்ல வெச்சுத் தூக்கிட்டு வந்தீங்களே, அந்தத் தலை. அதை இதுவரைக்கும் வலிக்க மட்டும்தான் விட்டிருக்கீங்க. ஒரு தடவை யோசிக்கவும் விட்டுப் பாருங்க."